லேனாரை எதில் ஆரம்பிப்பது

பூட்டிவிட்டாள். பூட்டின் நாக்கு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது, அதைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்த சத்தமும் கேட்டது, மிருதுளா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, பிறகு மூன்று மாடிப் படிகளிலும் அவளுடைய ஷூ இறங்கிப் போனது. நான் கூடத்தில் கைலியும் பனியனுமாக, ஆறிய காபி டம்ளரோடு நிற்கிறேன். கூப்பிட்டிருக்கலாம். மிருது, நான் உள்ளே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்கு அரை நிமிடம் முன்னால்தான் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள், நான் இன்னும் அந்தக் கேள்விக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். ஆறு வாரத்தில் முதல் கேள்வி. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக் கேட்டாள். "உங்க பெட்டில லேனார் புக்கு அத்தனை இருக்குல்ல, எதுல ஆரம்பிக்கணும்?" நான் "அது வந்து..." என்றேன். நாற்பத்து மூன்று வயது ஆள், முப்பத்தைந்து வருடமாக லேனார் படிக்கிறவன், அது வந்து என்று நிற்கிறேன். "சாயங்காலம் சொல்லுங்க" என்று பையை மாட்டினாள், வெளியே போனாள், இரும்புக் கிரில்லை இழுத்தாள், பூட்டினாள். இப்போது எட்டே முக்கால். பள்ளிக்கூடம் விட்டு அவள் வர நாலேகால் ஆகும்.

பழக்கம்தான், வேறென்ன. மூன்று வருடமாக இந்த வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். வசுமதி எட்டு மணிக்குப் பல் ஆஸ்பத்திரிக்கு ரிசப்ஷன் வேலைக்குக் கிளம்புவாள், கடைசியாகப் போகிறவள் மிருதுளா, கடைசியாகப் போகிறவள் கிரில்லைப் பூட்டுப் போட்டுப் பூட்ட வேண்டும், அதுதான் வீட்டின் சட்டம். வசுமதியைக் கல்யாணம் செய்துகொண்டு நான் வந்தது மே மாதம். உறையூர் அறையைக் காலி செய்துவிட்டு ஒன்பது அட்டைப் பெட்டிகளோடு வந்தேன், நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லாரும் வீட்டோட மாப்பிள்ளை என்று வாரினார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மேயில் மிருதுவுக்கு லீவு, கரூரில் சித்தி வீட்டில் இருந்தாள். பள்ளி திறந்த பிறகு எனக்கு வருகிற முதல் செவ்வாய் இது, ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்பதால் எனக்குச் செவ்வாய்தான் விடுமுறை. ஆக அவள் கிளம்பும்போது வீட்டில் ஓர் ஆள் மிச்சம் இருப்பது இதுதான் முதல் தடவை, கை தன் பாட்டுக்குப் பூட்டியிருக்கிறது. சரி. ஆனால் என்னிடம் பேசிவிட்டுத்தானே போனாள்? பேசின ஆளை அரை நிமிடத்தில் ஒரு பிள்ளை மறக்குமா? மறந்திருந்தால் நான் இந்த வீட்டில் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. மறக்காமல் பூட்டியிருந்தால் அதைவிட மோசம். கடையில் நாள் முழுக்க நான் செய்கிற வேலை, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று கேட்பது. சிலருக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். ரெண்டும் மங்கலா இருக்கு சார் என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

வசுமதிக்கு ஃபோன் போட்டால் இருபது நிமிடத்தில் ஆட்டோ பிடித்து வந்துவிடுவாள், அவளிடம் இன்னொரு சாவி இருக்கிறது. வந்து திறந்துவிட்டுச் சாயங்காலம் மிருதுவைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை தடவைடி சொல்றது அவரும் நம்ம வீட்டு ஆள்தான்னு, என்று ஆரம்பிப்பாள். பிள்ளை முகம் அப்படியே மூடிக்கொள்ளும், எனக்குத் தெரியும் அந்த முகம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். அதோடு லேனாரும் போச்சு. ஆறு வாரமாக அவள் என்னை எதுவுமே கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கிள் என்றாள், அதன் பிறகு அதையும் விட்டுவிட்டாள், அப்பா என்று சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, அதற்கான ஆள் கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார். விளி இல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க." யாரை என்று இருக்காது. அந்தத் திறமையை நான் உள்ளூர மெச்சிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் தானாக வந்து கேட்டிருக்கிறாள். பூட்டினால் பூட்டிவிட்டுப் போகட்டும், ஏழரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க என்னால் முடியாதா என்று டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு முதல் பெட்டியைத் திறந்தேன்.

வெண்புயல் லேனார், காமிக்ஸ் வீரன். பனிமலை ஊரில் ரோப் கார் மெக்கானிக்கின் மகன், கழுத்தில் வெள்ளைத் துண்டு, கயிற்றில் தொங்கியபடி மலைக்கு மலை தாவுவான். இவ்வளவுதான் விஷயம். இதை அறுபது வருடமாக விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கறுப்பு வெள்ளையில் இருநூற்றுப் பத்து இதழ், பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்று மறுபடி ஒன்றாம் நம்பர், அதில் அவனுக்கு முப்பது வயது, தாடி. பிறகு டிவி கார்ட்டூன், அதில் தாடி கிடையாது. அடுத்த கார்ட்டூனில் மலையே கிடையாது, விண்வெளி. மூன்றாவதில் லேனார் ஒரு பெண். அப்புறம் மாற்று உலகம் என்று தனி வரிசை. தமிழில் கேட்கவே வேண்டாம். ஒரு கம்பெனி பாக்கெட் சைஸில் பதினாலாம் நம்பரில் ஆரம்பித்து, முப்பதுக்குத் தாவி, ஒன்பதுக்குத் திரும்பி வந்தது. இன்னொரு கம்பெனி அதே ஆளுக்குப் பனிப்புலி பரதன் என்று பெயர் வைத்துப் பெரிய சைஸில் போட்டது. நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் பரதனும் லேனாரும் வேறு வேறு ஆள் என்று நம்பி, ரெண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று பள்ளிக்கூடத்தில் சட்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். நான் லேனார் கட்சி. இப்போது அந்தக் கட்சியில் வாட்ஸப் குழு இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். புதுசாகப் படிக்கிற பிள்ளைக்கு எதைக் கொடுக்கலாம் என்று பத்து மணிக்குக் கேட்டு வைத்தேன், பத்தரைக்குள் அடிதடி. வெளிவந்த வரிசைதான் வரிசை என்கிறார் ஒருவர், கதை நடக்கிற வரிசையில் படிக்காதவன் படித்தவனே இல்லை என்கிறார் இன்னொருவர். தாடியில் ஆரம்பிக்கச் சொன்னவரைக் குழுவைவிட்டு நீக்கச் சொல்லி மூன்று பேர். ஆண்டிபட்டி வாத்தியார் ஒருவர் மட்டும், ஆரம்பிக்கவே விடாதீர்கள் நண்பரே, உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று எழுதியிருந்தார். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வரிசை இல்லை என் பிரச்சினை. அது அவர்களுக்குத் தெரியாது, அவர்களிடம் சொல்லவும் முடியாது. ஒன்றாம் நம்பரை எடுத்தேன், இங்கிலீஷ் பிரதி, உறையோடு, எட்டாம் பக்கத்தில் கேபிள் அறுந்து லேனாரின் அப்பா பள்ளத்தாக்கில் விழுகிறார். வைத்துவிட்டேன். தாடி வரிசை, முதல் இதழ், கனவில் அப்பா விழுகிறார். கார்ட்டூன், முதல் பாகம், சுட்டுக் கொல்கிறார்கள். விண்வெளியில் காற்று தீர்ந்து சாகிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை வைத்துக்கொண்டு. பெண் லேனாருக்கும் அப்பா இல்லை. எத்தனை பேர் எத்தனை விதமாக எழுதினாலும் எல்லாரும் அந்த மனிதரைக் கொன்றுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள், அவர் இருந்தால் பிள்ளை கயிற்றில் தொங்க மாட்டானாம். முப்பத்தைந்து வருடமாக இது எனக்கு உறைத்ததே இல்லை. இவள் கேட்ட பிறகுதான், இந்தச் சுவரில் இருக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைக்கிறது. அதோடு விட்டார்களா, அப்பா செத்த மறு பக்கமே பிரான் என்று ஒரு ஃபோர்மேன் வந்துவிடுகிறான், இனி உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி என்று தோளில் கையைப் போடுகிறான். சனியன் பிடித்தவன். நான் இதை அவளிடம் நீட்டினால் என்ன நினைப்பாள்? ஆள் சூசகமா சொல்றார் என்று நினைப்பாள். பதினொரு வயதுக்கு அதெல்லாம் தெரியும். நடுவில் எங்காவது ஆரம்பிக்கலாம் என்றால் நாலு இதழுக்கு ஒரு தடவை அந்தக் கேபிள் அறுகிற படம் நினைவாக வந்து நிற்கும். மாற்று உலகத்தில் அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் அம்மா செத்துவிட்டாள், அவர் குடித்துவிட்டு மகனையே கொல்லத் தேடுகிறார். அதையா கொடுப்பேன்? மூன்றாவது பெட்டி, நாலாவது பெட்டி. முட்டி வலிக்கிறது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்துவிட்டது.

பெல் அடித்தது. மரக்கதவைத் திறந்தால் கிரில்லுக்கு அந்தப் பக்கம் கூரியர்காரர், கையில் வசுமதி வரவழைத்த மிக்ஸி ஜாடி. "கிரில்லத் திறங்க சார்." பூட்டியிருக்கு என்றேன். "அதான், திறங்க." வெளியே இருந்து பூட்டியிருக்கு என்றேன். அவர் பூட்டைப் பார்த்தார், என் கைலியைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணும் பிரச்சினை இல்லையே சார்? யாரையாச்சும் கூப்பிடணுமா?" பழக்க தோஷத்துல பூட்டிட்டாங்க, சாயங்காலம் வந்துடுவாங்க என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டப்பா கம்பிக்குள் நுழையவில்லை, சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கடைசியில் கதவோரம் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார். இனி கீழ்வீட்டு அம்மாவுக்குத் தெரியும். புதுசா வந்த ஆளை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லுவாள். சொல்லட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், கை துருவாடை அடித்தது. தீப்பிடித்தால் என்ன செய்வேன் என்று தோன்றியது, அடுப்படிக்குப் போய் சிலிண்டரை மூடினேன், கூடத்துக்கு வந்தேன், மூடினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். நெஞ்சு வலித்தால்? பூட்டை உடைத்துத்தான் என்னைத் தூக்க வேண்டும், உடைத்த பூட்டை அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சுமக்கும். அதனால் நெஞ்சு வலிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் லேசாக வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

ஒரு மணிக்கு வசுமதி கூப்பிட்டாள். "சாப்டீங்களா? ரசம் சூடு பண்ணிக்கிட்டீங்களா?" ஆச்சு என்றேன். "வானம் இருட்டிக்கிட்டு வருது, மாடியில துணி கிடக்கு, மிருதுவோட யூனிஃபார்மும் கிடக்கு, கொஞ்சம் எடுத்துடுங்களேன்." எடுக்கிறேன் என்றேன், என்ன தைரியமோ. பத்தே நிமிடத்தில் மழை. ஜன்னலில் நின்று, என் தலைக்கு மேல் எட்டடி தூரத்தில் யூனிஃபார்ம் நனைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு சொல்லியும் தூங்கியிருக்காரே மனுஷன் என்று அவள் நினைப்பாள், முதல் கணவர் இப்படியா என்று நினைக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, நான்தான் நினைப்பேன். சுந்தரேசன் துணியை எடுத்திருப்பார். சுந்தரேசனை யாரும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் மேல் சின்ன பல்பு எரிகிறது, பகலிலும் எரிகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் டெங்கு, ஐந்தே நாள். அவர் மேல் எனக்குப் பொறாமை என்று இப்போதுதான் தெரிகிறது. செத்துப்போன மனிதர் மேல், அதுவும் அவர் வாங்கின நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. வெட்கமாக இருந்தது. எழுந்து தரையில் உட்கார்ந்தேன்.

ஐந்தாவது பெட்டியில் அந்தப் பாக்கெட் சைஸ் கிடைத்தது. இதை எப்படி மறந்தேன்! தமிழில் மட்டும் லேனாரின் அப்பா சாகவில்லை. குழந்தைகள் படிக்கிற புத்தகத்தில் சாவு எதற்கு என்று அந்தக் காலத்து எடிட்டர் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒன்றாம் நம்பரைப் போடவே இல்லை, கேபிள் அறுகிற படம் வந்த இடத்தில் எல்லாம் வெள்ளையடித்து, அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டார். நான் அதை நம்பி வளர்ந்தவன். ஐந்தாம் வகுப்பில் வாசகர் கடிதமே போட்டேன், லேனாரின் அப்பா எப்போது ஊர் திரும்புவார் என்று, அடுத்த மாதம் என் பெயரோடு அச்சில் வந்தது, கீழே எடிட்டரின் பதில், விரைவில்! ஆச்சரியக்குறியோடு. இதைக் கொடுத்துவிடலாம். பதினாலாம் நம்பர், அழகான அட்டை, யாரும் சாகாத உலகம். எழுந்து தூசியைத் துடைத்து மேஜை மேல் வைத்தேன், சாப்பிட்டேன், ரசத்தைச் சூடு பண்ணவில்லை. கை கழுவும்போதுதான் வசுமதி கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. சுந்தரேசன் போன பிறகு பதினோரு நாள் மிருதுவிடம் சொல்லவில்லையாம். அப்பா சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வந்துவிடுவார் என்று கரூருக்கு அனுப்பிவிட்டார்களாம். எப்போது வருவார் என்று அவள் தினமும் கேட்டிருக்கிறாள். சீக்கிரம் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் பதினைந்து வயதில் பழைய புத்தகக் கடையில் அந்த இங்கிலீஷ் ஒன்றாம் நம்பரைப் பிரித்து, எட்டாம் பக்கத்தைப் பார்த்து, கடைக்காரர் முன்னால் நின்று அழுதவன்தான். கதைக்காக அழவில்லை, விரைவில் என்று சொன்னதற்காக அழுதேன். மேஜை மேல் இருந்ததை எடுத்துத் திரும்பப் பெட்டியில் போட்டேன். மணி மூன்று. ஒன்பது பெட்டியும் திறந்து கிடக்கிறது, கொடுக்க ஒன்றுமில்லை.

மழை விட்டுப் புழுக்கம். பனியன் முதுகில் ஒட்டுகிறது. லேனார் இப்போது உனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் படிக்கலாம் என்று? அவள் சரி என்பாள். அந்தச் சரியோடு முடிந்துவிடும், இன்னும் ஆறு வருடம் இந்த வீட்டில் விளி இல்லாத வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். வேறு ஏதாவது படிக்கலாமே என்று பேச்சை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். பயமாக இருக்கிறது, ஆமாம், பதினொரு வயதுப் பெண்ணுக்குப் பயந்து தரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றாம் நம்பரை மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

படியில் ஷூ ஏறி வருகிறது. முதல் மாடி, இரண்டாம் மாடி, அங்கே ஒரு நிமிடம் நிற்கிறது, பிறகு மெதுவாக மேலே. சாவி. கிரில் இழுபடுகிறது. உள்ளே வந்தவள் தரையில் பரத்திக் கிடக்கிற புத்தகங்களையும் நடுவில் என்னையும் பார்த்தாள். பூட்டு அவள் கையிலேயே இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவங்க ஃபோன் பண்ணலையா?"

"பண்ணாங்க. நான் சொல்லல."

ஷூவைக் கழற்றாமல் நின்றாள். "மறந்துதான் பூட்டினேன்."

"தெரியும்மா."

"கீழ போனதும் ஞாபகம் வந்துச்சு."

"அதுக்குள்ள வேன் வந்துடுச்சாக்கும்" என்றேன். அவளுக்காகத்தான் அந்த வழியைத் திறந்துவிட்டேன், வேறு பிள்ளையாக இருந்தால் அப்படியே தப்பித்துப் போயிருக்கும்.

"இல்ல" என்றாள். "வேன் வர இன்னும் நேரம் இருந்துச்சு."

வலித்தது. நாள் முழுக்க மறதியா வேண்டுமென்றேவா, இதுவா அதுவா என்று குடைந்துகொண்டிருந்தேன், ரெண்டும்தான் என்று நின்றுகொண்டு சொல்கிறாள். ஆனால் கோபம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னிடம் எல்லாரும் பதமாகத்தான் பேசியிருக்கிறார்கள், நானும் எல்லாரிடமும் பதமாகத்தான் பேசியிருக்கிறேன். இவள் ஒருத்திதான் நடந்ததைச் சொன்னாள். அவளிடம் நான் எதை மறைப்பது?

"இதுதான் ஒண்ணாம் நம்பர்" என்று நீட்டினேன். "இதுல அவனோட அப்பா செத்துப்போயிடுவார்."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத்தான் பார்த்தாள். "எந்தப் பக்கத்துல?"

"எட்டாவது பக்கம்."

பூட்டைக் கீழே வைத்தாள். பை முதுகில் இருக்க, ஷூவோடு, எனக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்து பிரித்தாள். பனிமலை, ரோப் கார் நிலையம், அப்பா மகனுக்குத் துண்டைக் கட்டிவிடுகிறார். இங்கிலீஷ் வரிகளை உதடு அசைய மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள், அப்பா வழுக்கி விழுகிற மாதிரி நடிக்கிற இடம். ஏழாம் பக்கத்தில் அவர் கம்பத்தில் ஏறப்போகிறார், திரும்பிப் பார்த்து, சூப் ஆறிடும், போய்ச் சாப்பிடு என்கிறார். அந்தக் கட்டத்தில் வெகு நேரம் இருந்தாள். ஓரத்தைப் பிடித்த விரல் அசையவில்லை. பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படிக்க ஆரம்பித்தாள். மறுபடி துண்டு, மறுபடி வழுக்கல், இந்தத் தடவை சிரிக்கவில்லை. மறுபடி ஏழு. மூன்றாவது தடவையும் அங்கேதான் வந்து நின்றாள். வாசலில் கிரில் திறந்தே கிடந்தது, எழுந்து போய்ச் சாத்த எனக்குத் தோன்றவில்லை.

"எனக்குக் கை வரல" என்றாள், தலையைத் தூக்காமல். "நீங்க திருப்புங்க."

திருப்பினேன்.